அனந்தபுரியில் ஒரு தனிக் குரல்

பிறந்த மண்ணை விட்டு வேற்று மாநிலம் சென்று வாழும் தமிழ் மக்கள், எந்த நகரத்திற் குடியேறினாலும் மூன்று காரியங்களைத் தவறாமற் செய்துவிடுகின்றனர். நல்ல காப்பித்தூள் விற்கும் கடை எது என்று கண்டுபிடிக்கின்றனர்; தமிழ்ப் பத்திரிகை கிடைக்கும் இடத்தை விசாரித்து அறிகின்றனர்; பத்துக் குடும்பங்கள் சேர்ந்தவுடன் ஒரு சங்கத்தை அமைத்துப் பொங்கல் விழாக் கொண்டாடுகின்றனர். நான்காவதாக ஒரு காரியம் உண்டு. அதனை நம்மிற் பெரும்பாலோர் செய்வதில்லை. நம்மைச் சுற்றி வாழ்கின்ற மக்கள் தங்கள் மொழியில் என்ன எழுதி வைத்திருக்கின்றனர் என்று ஒருமுறையேனும் புரட்டிப் பார்ப்பதுதான் அது.

மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராகத் திருவனந்தபுரத்திற்கு மாற்றலாகி வந்த நாமும் முதல் இரண்டாண்டுகள் இந்தக் குற்றத்தைச் செய்தவர்களே. சாலைக் கடைத்தெருவில் இறங்கினால் தமிழ் பேசியே பொருள் வாங்கிவிடலாம். கரமனை, வலியசாலை அக்கிரகாரங்களில் வாசற்கோலமும் வெண்கலப் பாத்திரமும் திருநெல்வேலியை நினைவூட்டும். மலையாளம் கற்க வேண்டிய நெருக்கடியே நமக்கு ஏற்படவில்லை. பேருந்துப் பலகைகளைப் படிக்கும் அளவுக்கு எழுத்துக் கூட்டக் கற்றோம். அதனோடு நின்றோம். பின்னொரு நாள் அலுவலகத் தோழி ஒருவர் நம் கையில் ஒரு பழைய சிறுகதைத் தொகுதியைக் கொடுத்து, “எழுத்துக் கூட்டியே படியுங்கள், பரவாயில்லை” என்றார். அந்த நூலின் ஆசிரியர் கே. ஸரஸ்வதி அம்மா. அவரைப் பற்றியும், அவருக்கு முன்னும் பின்னும் இந்நகரத்திலும் இதனைச் சூழ்ந்த நாட்டிலும் பெண்ணின் வாழ்வை எழுதிய சிலரைப் பற்றியும் நேயர்களுக்குக் கூற விரும்புகிறோம்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். ‘ஸரஸ்வதி அம்மா’ என்றவுடன் பேரன் பேத்தி எடுத்த மூதாட்டி ஒருவரைத் தமிழர் மனம் கற்பனை செய்துகொள்ளும். மலையாள நாட்டில் ‘அம்மா’ என்பது நாயர் குலப் பெண்களின் பெயரோடு பிறந்தது முதலே ஒட்டிவருவதொரு பின்னொட்டு. ஆடவர்க்குப் ‘பிள்ளை’ எப்படியோ, அப்படி மகளிர்க்கு ‘அம்மா’. நம் ஆசிரியை திருமணமே செய்துகொள்ளாதவர். தம் ஊதியத்தில் தாம் வாழ்ந்தவர். ‘தாய்மையே பெண்ணின் முடிவான பயன்’ என்ற கொள்கையோடு வாழ்நாள் முழுவதும் வாதாடியவர் பெயரிலேயே ‘அம்மா’ அமைந்துவிட்டது தற்செயல்தான். என்றாலும் அவர் கதைகளில் வரும் கிண்டலைப் படித்தபின் அதையும் அவரே எழுதி வைத்தாரோ என்று ஐயுறத் தோன்றுகிறது.

ஸரஸ்வதி அம்மா 1919-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 4-ஆம் நாள் திருவனந்தபுரத்தை அடுத்த குன்னப்புழையிற் பிறந்தார். இந்நகரத்துக் கலைக் கல்லூரியில் மலையாள இலக்கியம் பயின்று 1942-இல் பட்டம் பெற்றார். மாணவப் பருவத்திலேயே, 1938-இல், அவருடைய முதற்கதை மாத்ருபூமி வார இதழில் வெளிவந்தது. சிறிது காலம் ஆசிரியத் தொழில் பார்த்தார். 1945-இல் ஸர்க்கார் உத்தியோகத்தில், உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையில் அமர்ந்தார். பகலெல்லாம் பிறருடைய வரவுசெலவுக் கணக்குகளைச் சரிபார்ப்பது. வீடு திரும்பியபின் கதை எழுதுவது. ‘பிரேமபாஜனம்’ என்ற நாவல் ஒன்று 1944-இலும், ‘தேவதூதி’ என்ற நாடகம் ஒன்று 1945-இலும் வந்தன. சிறுகதைத் தொகுதிகள் ஒரு டஜன். கட்டுரைத் தொகுதி ஒன்றே. அது 1958-இல் வெளியாயிற்று. 1975-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் மறைந்தார்.

வாழ்க்கைக் குறிப்பு இவ்வளவே. பெரிய நிகழ்ச்சிகள் இல்லாத வாழ்க்கை. ஆனால் இத்தகைய ஒரு வாழ்க்கையை ஒரு பெண் வாழ முடிந்தது என்பதே பெரிய நிகழ்ச்சி. அது எப்படிச் சாத்தியமாயிற்று என்பதை அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

பழைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் பெண்கல்வி முந்தியே தொடங்கியது. இன்று வழுதக்காட்டில் இருக்கும் அரசினர் மகளிர் கல்லூரி, 1864-இல் ஸர்க்கார் பெண்கள் பள்ளியாகத் தோன்றி 1897-இல் கல்லூரியாக உயர்ந்தது. பெண்கள் படிக்கத் தொடங்கியதும் அவர்கள் எதைப் படிக்கலாம் என்று ஆண்கள் கவலைப்படத் தொடங்கினர். 19-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் இந்நகரிலிருந்து ‘கேரளீய ஸுகுணபோதினி’ என்ற மாதர் பத்திரிகை வெளிவந்தது. மலையாளத்தில் மாதர்க்கென எழுந்த முதற் பத்திரிகை அதுவே. நடத்தியவர் ஆடவர். அரசியல் விஷயம் எதுவும் அதில் இடம்பெறாது என்றும், சமையற்கலை, உடல்நலம், உத்தமப் பெண்டிர் சரித்திரம் முதலியவை இடம்பெறும் என்றும் முன்கூட்டியே அறிவித்துக்கொண்டனர். நம் நாட்டு மாதர் பகுதிகள் பலவற்றின் ஜாதகம் அன்றே எழுதப்பட்டுவிட்டது போலும்! பெண்களையே ஆசிரியராகக் கொண்ட ‘சாரதா’ என்ற பத்திரிகை, பின்னர் 1904-இல் திருப்பூணித்துறையிலிருந்து எழுந்தது.

சாரதாவின் ஆசிரியர்களில் ஒருவர் பி. கல்யாணி அம்மா. திருவனந்தபுரத்துப் பெண்மணி. ‘ஸ்வதேசாபிமானி’ பத்திரிகையின் ஆசிரியர் கே. ராமகிருஷ்ண பிள்ளையை அவ்வாண்டே மணந்தவர். திவானின் ஆட்சியைக் கடுமையாகத் தாக்கி எழுதியமையால் ராமகிருஷ்ண பிள்ளை 1910 செப்டம்பர் 26-ஆம் நாள் சமஸ்தானத்திலிருந்து நாடு கடத்தப்பட்டார்; அச்சகம் பறிமுதலாயிற்று. ஆரல்வாய்மொழி எல்லையைக் கடத்தி அவரைத் தமிழ்நாட்டுப் பக்கம் விட்டனர் என்பதைத் தமிழர் நினைவில் வைக்கலாம். கணவரோடு ஊர் ஊராக அலைந்த கல்யாணி அம்மா, 1916-இல் கண்ணூரில் அவர் இறந்தபின் தம் மணவாழ்க்கையின் நினைவுகளை நூலாக எழுதினார். ‘வியாழவட்ட ஸ்மரணகள்’ என்பது அதன் பெயர். வியாழன் ஒருமுறை வானத்தைச் சுற்றிவர ஏறக்குறைய 12 ஆண்டுகள். அவர்கள் சேர்ந்து வாழ்ந்த காலமும் அதுவே.

இந்நூலைப் பலரும் ஒரு தேசபக்தரின் வரலாற்றுக்கு மூலமாகவே படித்து வந்தனர். அப்படிப் படித்ததில் தவறில்லை. ஆயின் அதை எழுதிய கை, தானும் ஒரு பத்திரிகையை நடத்திய கை என்பது மறக்கப்பட்டது. வரலாற்றில் ராமகிருஷ்ண பிள்ளை நாடு கடத்தப்பட்டார் என்று எழுதுவர். கல்யாணி அம்மாவும்தான் நாட்டை இழந்தார். அவருக்குக் கட்டளை எதுவும் பிறப்பிக்கப்படவில்லை, அவ்வளவே வேறுபாடு. அவர் 1959 வரை வாழ்ந்தார்.

இன்னொரு வழக்கும் இந்நகரில் நடந்தது. நீதிமன்றத்தில் அன்று, மேடையில். பெண்கள் ஸர்க்கார் உத்தியோகம் பார்க்கலாமா என்பதே வழக்கு. 1920-களின் இறுதியில் டி. கே. வேலுப் பிள்ளை என்ற அறிஞர் கூடாது என்று பேச, அன்னா சாண்டி என்ற இளம் பெண்மணி அதே நகரத்தில் எழுந்து மறுத்துப் பேசினார். சட்டம் படித்தவர் அவர். ‘ஸ்ரீமதி’ என்ற மாதர் பத்திரிகையையும் நடத்தினார். 1937-இல் முன்சீப்பாகவும், 1959-இல் கேரள உயர்நீதிமன்ற நீதிபதியாகவும் அவர் அமர்ந்தபோது வேலுப் பிள்ளையின் வாதத்திற்கு மேல்முறையீடு இல்லாமற் போயிற்று. இந்த வாதம் நிகழ்ந்தபோது ஸரஸ்வதி அம்மா பத்து வயதுச் சிறுமி. பெரியவளாகித் தணிக்கைத் துறை நாற்காலியில் அவர் அமர்ந்ததற்குப் பின்னால் இந்த மேடைச் சண்டையும் உண்டு.

மருமக்கத்தாயத்தை இங்கே குறிக்காமல் இருத்தல் இயலாது. நாயர் தறவாடுகளில் சொத்து தாய்வழியே இறங்கிற்று. ‘அப்படியானால் அங்கே பெண்ணரசுதானே?’ என்று தமிழர் பலர் வியப்பதுண்டு. சொத்து பெண்வழி இறங்கியது உண்மை. அதை ஆண்டவர் காரணவர் என்னும் மாமன். 1925-ஆம் ஆண்டின் நாயர் சட்டம் தறவாட்டுச் சொத்தைத் தனித்தனியே பங்கிட்டுக்கொள்ள வழிவகுத்தது. கூட்டுக்குடும்பம் சட்டப்படி அடியோடு ஒழிந்ததோ 1976-ஆம் ஆண்டு டிசம்பரில்தான். ஸரஸ்வதி அம்மாவின் வாழ்நாள் ஏறக்குறைய முழுவதும் இந்த இடைவெளியில் அடங்கிவிடுகிறது. பழைய தறவாடு கலைகிறது. கணவன், மனைவி, குழந்தைகள் என்ற புதுக்குடும்பம் எழுகிறது. மாமனின் ஆட்சியினின்று விடுபட்ட பெண் கணவனின் ஆட்சிக்கு உட்படுகிறாள். இம்மாற்றத்தைச் சீர்திருத்தம் என்று எல்லோரும் வரவேற்றுக்கொண்டிருந்த வேளையில், ‘இதில் எனக்கு என்ன கிடைத்தது?’ என்று கேட்டவை அவருடைய கதைகள்.

இனி நம் ஆசிரியையின் எழுத்துக்கு வருவோம். அதைப் புரிந்துகொள்ள, அவர் எழுதாத ஒரு நூலைப் பற்றி முதலிற் பேச வேண்டும்.

1936-ஆம் ஆண்டு மலையாளக் கவிதையில் ஒரு துயரம் நிகழ்ந்தது. இடப்பள்ளி ராகவன் பிள்ளை என்ற இளங்கவிஞர் காதல் தோல்வியால் ஜூலை மாதத்தில் தற்கொலை செய்துகொண்டார். அவருடைய நண்பரும் கவிஞருமான சங்ஙம்புழை கிருஷ்ண பிள்ளை, அத்துயரத்தை முல்லை நில நாடகமாக மாற்றி ‘ரமணன்’ என்ற காவியத்தை இயற்றினார். ஏழை இடையனாகிய ரமணனைச் செல்வமகள் சந்திரிகை காதலிக்கிறாள், பின் கைவிடுகிறாள், அவன் உயிரை மாய்த்துக்கொள்கிறான். மலையாளத்தில் அதுவரை எந்தக் கவிதை நூலும் பெறாத வரவேற்பை அது பெற்றது. எழுத்தறியாதவரும் அதைப் பாடினர். கையிற் காசில்லாதவர் நோட்டுப் புத்தகத்திற் படியெடுத்து வைத்துக்கொண்டனர். ஒரு தலைமுறை இளைஞர் தம்மை ரமணனாகவே எண்ணிக்கொண்டனர். அவ்வாறெனில் அவர்களைச் சுற்றியிருந்த பெண்களெல்லாம் சந்திரிகைகள்தாமே! ஓர் இனிய காவியத்தின் பின்விளைவாகத் துரோகம் என்ற சொல்லுக்குப் பெண்ணுருவம் கிடைத்தது.

சங்ஙம்புழையும் ஸரஸ்வதி அம்மாவும் ஒரே கல்லூரியில் உடன்பயின்றவர்கள் என்பது இலக்கிய வரலாற்றின் குறும்பு. புகழின் உச்சியில் இருந்த கவிஞர் அதே கட்டடத்தில் மாணவர். அவரை ஒருமுறை கண்ணாற் காண ஏங்கியோர் நாடெங்கும் இருந்த காலம். அந்தச் சூழலில், அருகில் அமர்ந்திருந்த ஒரு பெண் ‘ரமணி’ என்று தலைப்பிட்டு ஒரு கதை எழுதினார். ரமணனுக்கு விடை அது என்பதைத் தலைப்பே பறைசாற்றிற்று. காதலுக்காகச் சாவது உயர்ந்தது என்றால் அது யாருக்கு உயர்ந்தது, கைவிடப்படும் பெண்ணுக்கு யார் காவியம் பாடினார், என்ற கேள்விகளை மரத்தடியிலிருந்து எடுத்து வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தார். பெருங்காற்று ஒரு பக்கமாக வீசும்போது அதற்கு எதிராகக் கதவைத் திறப்பது போன்ற செயல் அது. 1948-இல் சங்ஙம்புழை காலமானார். அவர் புகழ் இன்றும் மங்கவில்லை, மங்கவும் வேண்டுவதில்லை. ரமணனின் இசையை நாமும் விரும்பிக் கேட்பவர்களே. அந்த இசையினிடையே ஒரு மாணவி கை தூக்கியதையும் சேர்த்துக் கேட்கலாம் என்பதே நம் கருத்து.

மொழிபெயர்ப்பாளனுக்குத் தலைப்புகளில் ஒரு மோகம் உண்டு. ஸரஸ்வதி அம்மாவின் தொகுதிகளின் தலைப்புகளை வரிசையாக எழுதி வைத்துக்கொண்டாலே ஒரு வரலாறு தெரிகிறது. ‘பொன்னும்குடம்’, பொற்குடம். மலையாளத்தில் குழந்தையைக் கொஞ்சும் சொல். பொற்குடத்திற்குப் பொட்டு வேண்டுமா என்பது பழமொழி. ‘ஸ்த்ரீஜன்மம்’, பெண்பிறவி. ‘பெண்ணாய்ப் பிறந்ததே பாவம்’ என்று நம் பாட்டிமார் பெருமூச்செறியும்போது வருகின்ற அதே சொல். ‘பெண்புத்தி’. இதற்குத் தமிழரிடம் விளக்கம் வேண்டா. ‘பின்புத்தி’ என்று அடுத்த சொல் நம் நாவில் தானாக வந்துவிடும். அவர்கள் நாட்டிலும் அப்படியே. ‘பிரேமபரீக்ஷணம்’, காதற் சோதனை. இங்கே சோதனை என்பது ஆய்வுக்கூடத்தில் நடப்பது. பெண்ணைக் குறித்து உலகம் வழங்கிவரும் பழஞ்சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து, நூலின் நெற்றியில் ஒட்டி, உள்ளே அவற்றின் கணக்கைத் தணிக்கை செய்கிறார். திருமணங்கள் சொர்க்கத்தில் நடத்தப்படுகின்றன என்று பொருள்படும் தலைப்பில் அவருக்கு ஒரு கதையுண்டு. அதன் எள்ளலைக் கல்யாணத் தரகர் வீட்டுத் திண்ணையில் ஒருமுறையேனும் அமர்ந்த தமிழர் எவரும் உடனே உணர்வர்.

‘கீழ்ஜீவனக்காரி’ என்ற தலைப்பில் நாம் தடுக்கி விழுந்த கதையையும் சொல்லிவிடலாம். சீவனம் என்றால் பிழைப்பு. ஆகவே இழிந்த பிழைப்புப் பிழைப்பவள் என்று பொருள்கொண்டு, ஏதோ பரிதாபக் கதை என எண்ணிப் பக்கத்தைப் புரட்டினோம். தோழி சிரித்தார். மலையாளத்தில் ‘ஜீவனக்காரன்’ என்றால் ஊழியன், உத்தியோகஸ்தன். ‘கீழ்ஜீவனக்காரி’ என்பவள் கீழ்நிலைப் பெண் ஊழியர். அலுவலக ஆணைகளில் நாள்தோறும் வருகின்ற சொல். அரசாங்கக் கோப்பிலிருந்து ஒரு சொல்லைப் பிடுங்கிக் கதைத் தலைப்பாக நடுவதற்கு அலுவலகத்தில் வாழ்ந்த ஒருவராலேதான் முடியும். எனினும் நம் பிழையை இன்று நினைக்கும்போது அது முழுப் பிழையன்று என்று தோன்றுகிறது. 1940-களில் மேசையெதிரே அமர்ந்து சம்பளம் வாங்கிய பெண்ணை ஊரார் பார்த்த பார்வையில் இரண்டு பொருளும் கலந்திருந்தன.

அவர் கதைகளில் வரும் பெண்கள் பலர் படித்தவர்கள். ஆசிரியைகள், எழுத்தர்கள், விடுதியில் தங்கி வேலைக்குச் செல்வோர். கண்ணீர் அவர்களிடம் குறைவு, நாக்கூர்மை அதிகம். அதே காலத்தில் தகழி, கேசவ தேவ், பஷீர் முதலியோரின் முற்போக்கு இலக்கியம் மலையாளத்தில் ஓங்கி வளர்ந்தது. உழவனுக்கும் தோட்டிக்கும் ரிக்ஷாக்காரனுக்கும் இலக்கியத்தில் இடம் கிடைத்தது. அதை நாம் போற்றுகிறோம். ஆயின் அவர்களுடைய எழுத்திலும் பெண் பெரும்பாலும் பசியாலோ காமத்தாலோ வீழ்த்தப்பட்டவள். யாரோ ஒருவர் தூக்கி நிறுத்த வேண்டியவள். தானே நின்றுகொண்டிருக்கும் பெண்ணை என்ன செய்வதென்று அவர்களுக்கும் தெரியவில்லை. ஸரஸ்வதி அம்மா பெண்களையும் விடவில்லை. அலங்காரத்தில் மயங்குவோர், காதல் என்ற சொல்லுக்காகத் தம் அறிவை அடகு வைப்போர், மருமகளை வாட்டும் மாமியார், இவர்கள்மேலும் அவர் பேனா சமமாகப் பாய்ந்தது. சில கதைகளில் இந்த வாதம் கதையை மீறிவிடுகிறது. பாத்திரங்கள் வழக்கறிஞரைப் போலப் பேசிக்கொண்டே போகின்றனர் என்பதையும் ஒளிக்காமற் சொல்ல வேண்டும். அழகிய வருணனையைத் தேடுவோர்க்கு அவரிடம் ஏமாற்றம் உண்டு.

1958-இல் வந்த கட்டுரைத் தொகுதியின் பெயர் ‘புருஷன்மாரில்லாத்த லோகம்’. ஆண்களற்ற உலகம்! இத்தலைப்பு அவரைத் தொடர்ந்து துரத்திற்று. ‘ஆண்வெறுப்பாளர்’ என்ற பட்டத்தை விமரிசகர்கள் முன்னரே அவருக்குத் தயாராக வைத்திருந்தனர். இப்போது முத்திரையும் கிடைத்துவிட்டது. ஆண் எழுத்தாளர் ஒருவர் பெண்ணைப் பழித்து நூறு பக்கம் எழுதினால் அதனை வாழ்க்கை அனுபவம் என்கிறோம். பெண் பத்துப் பக்கம் எழுதினால் அவளுக்கு என்ன நேர்ந்தது என்று விசாரிக்கத் தொடங்குகிறோம். ஏன் மணம் புரியவில்லை, யார் ஏமாற்றினார் என்று கதையை விட்டுவிட்டு ஆசிரியரைப் படிக்கின்றனர். இந்த நோய்க்கு எல்லை வேலி கிடையாது.

1950-களுக்குப் பின் ஸரஸ்வதி அம்மாவின் எழுத்து ஏறக்குறைய நின்றே போயிற்று. இருபது ஆண்டுகள் இடைவிடாமல் எழுதிய ஒருவர், வாழ்வின் கடைசிப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக மௌனமானார். ஒருவர் ஏன் எழுதுவதை நிறுத்தினார் என்பதற்கு ஒற்றைக் காரணம் கூறுவது அறியாமை. ஆயினும் எழுதும்போது கிடைத்த ஏளனத்திற்குப் பங்கில்லை என்று நம்மால் நம்ப இயலவில்லை. நம் கண்ணெதிரே ஒன்றைப் பார்த்தோம். வேறோர் ஊரில், வேறோர் அலுவலகத்தில் நாம் இருந்தபோது, கணக்குப் பிரிவில் ஓர் இளம்பெண் பழைய சுற்றறிக்கைகளின் பின்பக்கத்திற் கதை எழுதி வந்தார். ஒரு கதை அச்சேறியது. மேலதிகாரி ஒருவரின் சாயல் அதில் இருப்பதாக யாரோ கண்டுபிடித்தார்கள். அதன்பின் அவர் அறைக்குள் நுழையும்போதெல்லாம், “ஜாக்கிரதை, எழுதிவிடுவார்” என்று ஒருவர் சொல்ல, மற்றவர் சிரிப்பர். வன்மம் ஒன்றுமில்லை, வெறும் வேடிக்கைதான். நாமும் சிரித்தோம். ஓராண்டுக்குள் அவர் எழுதுவதை விட்டுவிட்டார். ஸரஸ்வதி அம்மாவைப் படித்தபோதுதான் அந்தச் சிரிப்பு நம் காதில் மறுபடி ஒலித்தது.

இது நிற்க. இவரோடு ஒப்பிட வேண்டிய இன்னொருவர் லலிதாம்பிகா அந்தர்ஜனம். பத்தாண்டு மூத்தவர், 1909-இல் கொல்லம் பகுதியில் புனலூரை அடுத்த கோட்டவட்டத்திற் பிறந்தவர். ‘அந்தர்ஜனம்’ என்றால் உள்ளே இருப்பவள். நம்பூதிரி இல்லத்துப் பெண்டிர் வெளியே வந்தால் ஓலைக்குடையால் முகத்தை மறைத்தே வர வேண்டிய காலம். முறையான பள்ளிப்படிப்பு இன்றி வீட்டிலேயே கற்று, அந்த அகத்தின் இருளை வெளிச்சத்தில் வைத்தார். 1905-இல் ஒழுக்க விசாரணைக்கு உட்படுத்தப்பட்ட தாத்ரி என்ற பெண்ணைக் கருவாகக் கொண்டு ‘பிரதிகார தேவதை’ என்ற கதையை 1938-இல் எழுதினார். முதிர்ந்த வயதில், 1976-இல் வெளிவந்த ‘அக்னிசாட்சி’ என்ற நாவல் மறு ஆண்டே சாகித்திய அக்காதெமியின் பரிசைப் பெற்றது. 1979-இல் தம் வாழ்க்கை நினைவுகளை வெளியிட்டபோது அதற்கு ‘சுயசரிதைக்கு ஒரு முன்னுரை’ என்று பொருள்படும் பெயரை இட்டார். எழுபது வயதில் முன்னுரைதான் முடிந்திருக்கிறது என்கிறார்! அவருக்குக் கணவர் உண்டு, மக்கள் உண்டு, வாசகர் அன்பும் உண்டு. மரபின் உள்ளே நின்று அதைக் கண்டித்தவரை நாடு மன்னித்தது. வெளியே நின்று கேலி செய்தவரை மன்னிக்கவில்லை. இருவரும் ஒரே காலத்தில், ஏறக்குறைய ஒரே நாட்டில் எழுதியவர்கள். 1970-களின் தொடக்கத்தில் மாதவிக்குட்டி என்ற கமலா தாஸ் தம் வாழ்க்கைக் கதையை வார இதழில் எழுதிப் பெரும் புயலைக் கிளப்பியபோது ஸரஸ்வதி அம்மா உயிரோடுதான் இருந்தார்.

தமிழர்க்கு இந்நகரத்தில் நேரான ஓர் உறவும் இருக்கிறது. ஹெப்ஸிபா ஜேசுதாசன் 1925-இல் பர்மாவிற் பிறந்து, திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியையாக வாழ்ந்தவர். அவர் தமிழில் எழுதிய ‘புத்தம் வீடு’ என்ற நாவல் 1964-இல் வெளிவந்தது. 1956 நவம்பர் முதல் நாள் வரை திருவிதாங்கூரோடு இருந்து பின் தமிழ்நாட்டோடு இணைந்த குமரி மாவட்டத்துப் பனைவிளை மக்களின் பேச்சு அதில் அப்படியே ஒலிக்கிறது. லிஸி என்ற சிறுமி ‘பெரிய பிள்ளை’ ஆகிவிட்டாள் என்பதற்காகப் பள்ளியினின்று நிறுத்தப்படுகிறாள். வீட்டின் உள்ளேயே இருந்து உலகத்தைக் காண்கிறாள். பனையேறும் குடும்பத்து இளைஞன் தங்கராஜை மனத்தில் இருத்திப் பல ஆண்டுகள் பொறுமையோடு உறுதியாக நிற்கிறாள். இந்நாவலில் உரத்த வாதம் எங்கும் இல்லை. ஸரஸ்வதி அம்மா சண்டையிட்டுச் சொன்னதை இவர் ஓசையின்றிச் சொல்கிறார். ஹெப்ஸிபா அம்மையார் 2012-இல் மறைந்தார். வேற்று மாநிலத்தில் வாழும் தமிழர்களே, உங்கள் சங்க நூலகத்தில் ‘புத்தம் வீடு’ இல்லையெனில் இந்த மாதச் சந்தாவில் முதலில் அதை வாங்குங்கள். பொங்கல் விழாப் பந்தலைச் சற்றுச் சிறிதாகப் போட்டுக்கொள்ளலாம்.

ஸரஸ்வதி அம்மா இறந்து பல ஆண்டுகளுக்குப் பின்னரே மறுபடியும் படிக்கப்பட்டார். பெண்களின் எழுத்தை வரலாற்றுக் கண்ணோடு தேடத் தொடங்கிய அறிஞர்கள் பழைய இதழ்களைப் புரட்டியபோது அவர் கிடைத்தார். சூசி தாரு, கே. லலிதா என்னும் இருவர் தொகுத்து 1991, 1993-ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளியிட்ட இந்தியப் பெண் எழுத்துத் தொகுப்பு அவரை ஆங்கிலம் படிப்போர்க்கு அறிமுகம் செய்தது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் மலையாளத்தில் அவர் கதைகள் ஒரே தொகுதியாக அச்சாயின. ஆண்வெறுப்பாளர் என்று ஒதுக்கப்பட்டவர் இன்று கேரளத்துப் பெண்ணியத்தின் முன்னோடி என்று பாடப் புத்தகங்களிற் குறிக்கப்படுகிறார். அவர் கேட்டிருந்தால் அந்தப் பட்டத்தையும் ஒருமுறை தணிக்கை செய்திருப்பார்.

மாலையில் அலுவலகம் விட்டபின், அவருடைய கதைகளிற் சிலவற்றை நமது பயிற்சிக்காகத் தமிழிற் பெயர்த்துப் பார்த்து வருகிறோம். 1953-இல் வந்த தொகுதியின் தலைப்பில் வேலை தடைப்பட்டு நிற்கிறது. ‘காணாத்த மதில்’ என்பது மூலம். ‘கண்ணுக்குத் தெரியாத மதில்’ என்று எழுதினால் பொருள் தெளிவு. ஆனால் விளக்கவுரை போல நீளுகிறது. ‘காணாத மதில்’ என்று அப்படியே வைத்தால் மூலத்தின் ஓசை கிடைக்கிறது. ஆனால் தமிழில் அதற்குப் பார்க்க மாட்டாத மதில், தன் முன் நிற்பவளைக் காணாத மதில் என்றும் ஒரு பொருள் வந்துவிடுகிறது. அது பிழையா, பேறா என்று தோழியிடம் கேட்டோம். இரண்டு நாள் யோசித்துவிட்டு, “இரண்டாவதையே வையுங்கள்” என்றார். பென்சிலால் எழுதி வைத்திருக்கிறோம்.